சிலிர்க்காமல் நின்றவன்

பாவாயிக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. பிறவியிலேயே அப்படித்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பெற்ற தாய் முத்தாயம்மாளும் அதையேதான் சொல்வாள். "பொறந்தப்பவே இல்லீங்க. மருத்துவச்சி பாத்துப்போட்டு, பொட்டப்புள்ளைக்கு இது ஒண்ணுதான் கொறைச்சலான்னு சிரிச்சா" என்று அந்தச் சிரிப்பைக்கூட விடாமல் சொல்வாள். அப்படி யாரும் சிரிக்கவில்லை என்பது பாவாயிக்குத் தெரியும். இருபத்தாறு வயது வரை அந்த விரலை வைத்துக்கொண்டு அவள் பால் கறந்திருக்கிறாள், கயிறு முறுக்கியிருக்கிறாள், ஒருவனுடைய நெற்றியில் திருநீறு பூசியிருக்கிறாள். விரல் போன நாளும், அன்றைக்குப் பெய்த மழையும் அவளுக்கு நினைவிருக்கின்றன. அவள் ஒருத்திக்கு மட்டும்.

மோகனூருக்கு வடக்கே, ஆற்றிலிருந்து இரண்டு மைல் தள்ளி, கிளுவை வேலி போட்ட கொஞ்சம் மேட்டுக்காடு அவர்களுக்கு இருந்தது. அப்பன் பெரியசாமி செத்த பிறகு தாயும் மகளும் வெள்ளாடு வளர்த்துப் பிழைத்தார்கள். கருப்பண்ணனுக்குக் கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டவர்கள் இவர்களிடம் வந்துதான் குட்டி பிடிப்பார்கள். பாவாயி வளர்த்த கிடாய் என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு.

பேருக்குக் காரணம் இருந்தது. கோயிலில் கிடாயை நிறுத்தி, மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் வெட்டிவிட மாட்டார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால்தான் சாமி சம்மதம் கொடுத்ததாக அர்த்தம். உதறாமல் நின்றால், கூட்டம் வெயிலில் கையெடுத்துக் கும்பிட்டபடி காத்திருக்கும். வீட்டில் யார் என்ன தப்புச் செய்தார்களோ என்று சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பாவாயியின் கிடாய்கள் யாரையும் காக்க வைத்ததில்லை. தண்ணீர் விழுந்த மாத்திரத்தில் காது படபடக்க உதறிவிடும்.

அது சாமியின் வேலை இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். குட்டி பால் மறந்ததிலிருந்து தினமும் விடிகாலையில் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து, காதுக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற குழியில் வைப்பாள். குட்டி சிலிர்க்கும். உடனே ஒரு கை வேலங்காய் கொடுப்பாள். பத்தே நாளில் அது பழகிவிடும். இதற்கு நேர்மாறான பழக்கமும் அவளுக்குத் தெரியும். பிறந்த நாளிலிருந்து தினம் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, முந்தானையால் பிடரியைத் துடைத்துவிட்டால், அந்த ஆடு எந்தத் தண்ணீருக்கும் அசையாது. ஒரு வெள்ளைக் குட்டி மேல் ஆசை வைத்து அப்படி ஒரு தடவை செய்திருந்தாள். கோயிலில் மத்தியானம் வரை கல்லைப் போல நின்ற அதைத் திட்டிக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எழுபத்தொன்பதாம் வருடம் ஆனி மாதக் கடைசியில், வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஸ்கைலாப் என்ற ஒன்று உடைந்து பூமியில் விழப் போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எந்த ஊரில் விழும் என்று சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு ஊரும் தன் தலையில்தான் விழும் என்று முடிவு செய்துகொண்டது. வீடு வீடாகக் கோழி வெந்தது.

"சாகறதுன்னு ஆயிப்போச்சு. கோழியப் பத்தரமா வெச்சுப்போட்டு நாம செத்தா அத யாரு திங்கறது?" என்று பக்கத்துக் காட்டுக் காளியாத்தாள் பாவாயியிடம் கேட்டாள். "நீயும் ஒண்ண அடிச்சுப்போடு அம்மிணி. கல்யாணங்காட்சி பாக்காமயே போற, கொழம்பாச்சும் பாத்துட்டுப் போ."

ஊரார் கூடிப் பேசி, அந்தச் சாமான் ஊருக்குள் விழாமல் இருக்கக் கருப்பண்ணனுக்குக் கிடாய் வெட்டுவதென்று முடிவு செய்தார்கள். பாவாயியின் கறுப்புக் கிடாய். காலை பத்து மணி வெயிலில் கோயில் முன்னால் ஊரே நின்றது. பூசாரி சடையன் சொம்பைத் தூக்கி ஊற்றினார். கிடாய் அவள் பழக்கியபடியே, கொம்பிலிருந்து வால் வரைக்கும், என்றைக்கும் இல்லாத வேகத்தில் உதறியது.

காதிலிருந்து தெறித்த தண்ணீர், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவன் கழுத்தில் பட்டது. கல்லுக்குழியில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரன் அவன். புருவமெல்லாம் கல் தூசி. அவன் பிடரியில் தோல் சுருண்டு கூடியதைப் பாவாயி பார்த்தாள். ஆட்டுக்குத்தான் அப்படிக் கூடும். மனிதத் தோல் அப்படி நகர்ந்து அவள் பார்த்ததே இல்லை. பிறகு அவன் சிலிர்த்தான்.

அவன் கண் மேற்கே, மேக்காட்டின் மேல் இருந்தது. பதினோரு வீடுகள் உள்ள குடியிருப்பு அது. அவளுடைய அக்காள் அத்தாயி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சற்று முன்புவரை அந்தக் கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. இப்போது புகை இல்லை. கூரையும் இல்லை. எள்ளுக்காடு ஒன்று வெயிலில் பளபளத்தது.

"சிலுப்பிருச்சு! சிலுப்பிருச்சு!" என்று கூட்டம் கத்தியது.

பாவாயி காளியாத்தாளின் கையைப் பிடித்தாள். "மேக்காட்டப் பாருங்க. ஊடெல்லாம் எங்கீங்க?"

"எந்த ஊடு? அது எள்ளுக்காடு அம்மிணி. அவத்த எப்ப ஆளு குடியிருந்தாங்க?"

வீட்டுக்கு ஓடினாள். முத்தாயம்மாள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அக்கா..."

"எந்த அக்கா?"

"அத்தாயி!"

முத்தாயம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒத்தப் புள்ளையப் பெத்துப்போட்டு நான் படற பாடு போதாதா? வெயில்ல நின்னு என்னமோ ஆயிப்போச்சு உனக்கு. யாரு சாமி அது, அத்தாயி?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது தாயின் முகத்தில் துளிகூடப் பொய் இல்லை.

மறுநாள் உச்சிவெயிலில், தழை வெட்டும் கொடுவாளை எடுத்துக்கொண்டு கல்லுக்குழிக்குப் போனாள். வெட்டிவிடுவது என்று நினைத்துத்தான் கிளம்பினாள். அவன் பாறைக்கு அடியில், நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தான். பார்த்தால் முப்பது வயது சொல்லலாம்.

"உன்ற கண்ணுல பட்டுப்போச்சா?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"என்ற அக்கா எங்கீங்க?" வெட்ட வந்த இடத்திலும் அவளுக்கு மரியாதை விட்டுப்போகவில்லை.

"இல்ல."

"செத்துட்டாளா?"

"செத்தா பொணம் இருக்கும். அழுகறதுக்கு நாலு பேரு இருப்பாங்க. இது அப்படியில்ல. இருந்ததே இல்லைன்னு ஆயிரும். நான் சிலுப்பறதப் பாத்த ஆளுக்கு மட்டும் நெனப்பு இருக்கும்போல. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. நீதான் மொதலு."

அவள் கொடுவாளை ஓங்கி அவன் தோளில் இறக்கினாள். கருங்கல்லில் அடித்த மாதிரி சத்தம் கேட்டது. வாய் மழுங்கிய கொடுவாளைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் வெட்டிப் பாத்திருக்கேன்" என்றான் அவன். "சிலுப்பற நேரத்துல என்ற கண்ணு எது மேல இருக்குதோ அது போயிரும். நேத்து பத்துச் சொட்டுத்தான் பட்டுது. அதுக்கே ஒரு ஊரு. பெருமழை ஒண்ணு வரும். தலையில உழுந்து உள்ளங்கால் வரைக்கும் எறங்கும். அன்னைக்கு முழுசாச் சிலுப்பும். அப்ப கண்ணு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். எல்லாம் போயிரும்."

"எல்லாம்னா?"

"மலை, ஆறு, ஆகாசம்."

"முன்னால அப்படி ஆயிருக்குதுங்களா?"

"மூணு வாட்டி."

"அப்பறம்?"

"இருட்டு. நான் மட்டும். மறுபடியும் மண்ணு உண்டாகற வரைக்கும்." பஸ்ஸுக்குக் காத்திருந்ததைச் சொல்வதுபோல அவன் அதைச் சொன்னான். மழை குறைந்த சீமை என்று கேள்விப்பட்டு இந்தப் பக்கம் வந்ததாகவும் சொன்னான்.

பாவாயிக்கு எழுந்து ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் ஓடி எங்கே போவது? அவன் சொன்னதில் ஓட இடமே இல்லையே. அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஆடு வளர்க்கிற புத்தி ஒரு மூலையில் வேலை செய்தது.

"காதுக்குப் பின்னால, குழியிலதான மொதல்ல தோலு கூடுது?"

அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஆடு வளக்கறனுங்க" என்றாள் பாவாயி.

ஆடு மேய்க்க ஆள் என்று தாயிடம் சொல்லி அவனைக் கூட்டிவந்தாள். பட்டியை ஒட்டிய ஓலைச் சாளையில் தங்க வைத்தாள். தினம் விடிகாலையில் அவனைப் பட்டிக்குப் பின்னால் நிறுத்தி, ஒரு கைத் தண்ணீரைத் தலையில் விடுவாள். கண் எதன் மேலாவது இருந்துதான் ஆக வேண்டும் என்பதற்காக, போனாலும் பரவாயில்லை என்கிற சாமான் ஒன்றை முன்னால் வைப்பாள். முதல் மாதத்தில் ஏழு ஓட்டைக் குடங்கள், ஒரு முறிந்த கலப்பை, ஒரு கறையான் புற்று போயின. யாரும் தேடவில்லை. அவை இருந்ததே இல்லை அல்லவா? ஒவ்வொரு தடவையும் அவன் பார்வையில் படாமல் பின்னால் நின்றுகொண்டு, தண்ணீரை விட்டதும் முந்தானையால் பிடரியைத் துடைத்து, "ஆச்சுங்க" என்பாள். ஆட்டுக்கும் அப்படித்தான் சொல்வாள். அதற்கு 'ங்க' கிடையாது, அவ்வளவுதான்.

இரண்டாவது மாதம் ஒரு குடமும் போகவில்லை. கைத் தண்ணீர் சொம்பானது. சொம்பு குடமானது. தூறல் போட்டால் வெளியே நிற்கப் பழக்கினாள். தோல் கூடும், தணியும். அவ்வளவுதான்.

சாளைக் கம்பத்தில் அப்பன் சவரம் செய்துகொண்ட கண்ணாடி தொங்கியது. தகரச் சட்டம் போட்டது, உள்ளங்கை அகலம். வந்த அன்றைக்கே அவன் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

"எதுக்குங்க திருப்பி வெச்சுட்டீங்க?"

"சிலுப்பற நேரத்துல என்ற மூஞ்சியவே நான் பாத்துட்டா?" என்றான். "அப்படி ஒருக்காலும் பாத்ததில்ல. பயமா இருக்குது."

பயம் என்ற சொல்லை அவன் வாயில் கேட்டது பாவாயிக்கு என்னவோ செய்தது. அதுவரை அந்த வீட்டில் தான் ஒருத்திதான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்.

அக்காளை இல்லாமல் செய்தவன் அவன். அதை அவள் மறக்கவில்லை. ஆனால் அத்தாயி என்ற பேரைச் சொன்னால் 'அது யாரு' என்று கேட்காத ஒரே ஆளும் அவன்தான். அத்தாயிக்கு மாங்காய் என்றால் உயிர், இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள், தலை பின்னும்போது இழுத்து இழுத்துப் பின்னுவாள் என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டுவிட்டு மறுநாள், "அந்த மாங்கா மரத்துக் கதைய இன்னொரு வாட்டி சொல்லு" என்பான். அவள் அழுதால், பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தன் கண்ணை அவள் மேல் வைக்க அவனுக்கு அவ்வளவு அச்சம். ஒரு வருடம் பக்கத்தில் இருந்தும் தன்னை நேராகப் பார்க்காத ஆண்பிள்ளை மேல் பாவாயிக்கு ஆசை வந்தது. ஆசை வந்தது தெரிந்தபோது, கிணற்றுச் சுவர் மேல் நிற்பதுபோல உடம்பெல்லாம் கூசியது.

"ஒறவு ஒறம்பரைன்னு சொல்லிக்க ஒரு நாயி இல்லாத ஆளுக்கா உன்னையக் குடுக்கறது?" என்று முத்தாயம்மாள் பத்து நாள் பேசாமல் இருந்தாள். பிறகு, கிடாய்களை அவன் அதட்டாமலே பட்டியில் அடைப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் மாறினாள்.

"ஆளு கல்லாட்டம் இருக்கறான். பேரென்ன அம்மிணி?" என்று காளியாத்தாள் கேட்டபோதுதான் அவனுக்குப் பேரே இல்லை என்பது பாவாயிக்கு உறைத்தது. வாயில் வந்ததைச் சொன்னாள்: "வெள்ளியங்கிரிங்க."

எண்பத்தொன்று தை மாதம் கல்யாணம். தாரை வார்க்கும்போது சேர்த்துப் பிடித்த கைகளின் மேல் தண்ணீர் விடுவார்கள். பெரிய மனுஷர்கள் சொம்பைத் தூக்கினால் கைக்கு மட்டும் விட மாட்டார்கள், தோள் வரை நனைத்துவிடுவார்கள். எதிரே ஊர்ச்சனம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. அவன் கண் எங்கே போனாலும் அங்கே யாராவது இருந்தார்கள். குழந்தைகள் இருந்தார்கள். கண்ணை மூடினாலோ இருட்டு. இருட்டைப் பார்த்துச் சிலிர்த்தால் எதுவும் மிஞ்சாது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

பாவாயி குனிந்தபடி, "என்னைய மட்டும் பாருங்க" என்றாள்.

"வேண்டாம்."

"போனா நான் மட்டும் போறனுங்க. பாருங்க."

அவன் பார்த்தான். தண்ணீர் விழுந்தது. மாலைக்கு மேலே அவன் பிடரியில் தோல் சுருண்டு கூடுவதை அவள் ஓரக்கண்ணால் கண்டாள். சத்தம் போடவும் முடியாது, கையை விடவும் முடியாது. அத்தாயி போன மாதிரி நானும் போய்விட்டால் என் ஆத்தாள், 'எனக்குப் புள்ளையே பொறக்கல' என்று சிரித்துக்கொண்டே சொல்வாள் என்று நினைத்தாள். தோல் மெல்லத் தணிந்தது.

"மாப்பிள கண்ணாலயே புள்ளைய முழுங்கிப்போடுவாரு போல!" என்று காளியாத்தாள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாவாயியும் சிரித்தாள். உள்பாவாடை வரை வேர்த்துப் போயிருந்தது.

அடுத்த ஒன்றரை வருடம் அவள் வாழ்க்கையில் நல்ல காலம். விடிகாலைத் தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

பிறகு மழை நின்றது. எண்பத்திரண்டில் பெய்யவில்லை. எண்பத்து மூன்று ஐப்பசி வந்தும் ஆகாயம் வெள்ளையாகவே கிடந்தது. கிணறுகளில் அடிக்கல் தெரிந்தது. முப்பத்திரண்டு ஆடுகளில் ஒன்பதும், ஆறு குட்டிகளும் மிஞ்சின. ஊரே வானத்தைப் பார்த்து ஏங்கியது. பாவாயி ஒருத்தி மட்டும் தினமும், இன்றைக்கும் வேண்டாம் சாமி, இன்றைக்கும் வேண்டாம் என்று கும்பிட்டாள். செத்த ஆட்டை இழுத்துப் போகும்போதும் அதைத்தான் கும்பிட்டாள்.

பொம்பளைகள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, உப்பில்லாமல் பிசைந்து, காய்ந்த ஏரிக்குள் உட்கார்ந்து, மழையை அழைத்து அழுதுகொண்டே தின்ன வேண்டும். பாவாயி கையில் வாங்கிய உருண்டையை வாயில் போடவில்லை.

"எல்லாத்துக்கும் மழை இனிக்குது, உனக்கு மட்டும் கசக்குதா?" என்றாள் காளியாத்தாள். இந்தத் தடவை சிரிப்பில்லை. அவளுடைய எருமை முந்தின நாள்தான் செத்திருந்தது. "ஒரு உருண்ட திங்காத ஆளாலதான் பெய்யலைன்னு நாளைக்கு ஊரு பேசும். பாத்துக்க."

உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவனிடம் காட்டினாள். அவன், எழுந்திருக்க மாட்டாமல் கிடந்த ஒரு குட்டியின் வாயைத் தடவிக்கொண்டிருந்தான்.

"தின்னுரு" என்றான்.

"தின்னா வந்துருங்களே!"

"மழையில்லாத ஒலகத்துலயும் நான் இருந்து பாத்திருக்கேன் பாவாயி. அதுவும் இருட்டு மாதிரித்தான். குட்டி சாகுது பாரு. தின்னு. நாலு வருசமாப் பழக்கியிருக்கற. நிப்பேன்."

அவள் தின்றாள்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் புண்ணாக்கு வாங்க மோகனூர் போயிருந்தாள். கிழக்கே கொல்லிமலைப் பக்கமிருந்து மேகம் கருந்திரளாக வந்தது. பார்த்த உடனேயே இதுதான் என்று தெரிந்துவிட்டது. புண்ணாக்கு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். பாதி வழியில் மழை பிடித்தது. சொட்டுச் சொட்டாக வரவில்லை. மதகு திறந்ததுபோலக் கொட்டியது. காடுகளில் ஆளாளுக்கு நனைந்துகொண்டு நின்றார்கள். காளியாத்தாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "பெய்யுது அம்மிணி! உன்ற உருண்டைக்கும் சேத்துப் பெய்யுது!" என்று கத்தினாள். பாவாயி நிற்கவில்லை.

வாசல் நடுவில் அவன் நின்றிருந்தான். பள்ளத்தில் இருந்த கொடாப்பு, குட்டிகளை மூடிவைக்கும் மூங்கில் கூடை, பாதி தண்ணீருக்குள் கிடந்தது. குட்டிகளைக் காப்பாற்றத்தான் வெளியே வந்திருக்கிறான். ஆறு குட்டிகளும் வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து முத்தாயம்மாளின் குரல் கேட்டது: "உன்ற புருசன உள்ள வரச் சொல்லு! குட்டிகளக் குடுத்துப்போட்டு அவத்தயே நிக்கறாரு, கூப்புட்டா வரமாட்டீங்கறாரு!"

உள்ளே போனால் முத்தாயம்மாள் கண் முன்னால் இருப்பாள். அதனால் போகவில்லை. தன் காலடிச் சேற்றையே பார்த்தபடி நின்றான். தோள் குலுங்காமல் இருக்கப் பல்லைக் கடித்திருந்தான்.

"எறங்குது பாவாயி."

"எது வரைக்குங்க?"

"இடுப்புக்கு வந்துருச்சு. ரொம்ப நேரமாப் புடிச்சு நிக்கறேன்."

அவள் முந்தானையால் அவன் பிடரியைத் துடைத்தாள். "ஆச்சுங்க. ஆச்சுங்க. அவ்வளவுதானுங்க." முந்தானையே நனைந்து வழிந்தது. தண்ணீரைத் தண்ணீரால் துடைத்தாள். நாலரை வருடமாக ஒரு குடம் வரைக்கும்தான் பழக்கியிருந்தாள். அவன் தொடைச் சதை சுருண்டு கூடுவது நனைந்த வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. முழங்காலுக்கு வந்து, கெண்டைக்காலுக்கு இறங்கி, உள்ளங்காலைத் தொட்டுவிட்டால் முடிந்தது. கொல்லிமலை இல்லை. ஆறு இல்லை. ஆத்தாள் இல்லை. இவன் மட்டும், இருட்டில், நாலாவது தடவை.

முழுச் சிலிர்ப்பு வருவதற்கு முன்னால் சின்னச் சிலிர்ப்பை வரவைத்துவிட்டால்?

அது அவள் கைப்பழக்கம். ஊரையும் சாமியையும் ஏமாற்றிய அதே பழக்கம். அவள் சாளைக்கு ஓடிக் கண்ணாடியைக் கம்பத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். வலது கையால் அதை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். மழையில் வழுக்காமல் இருக்கக் கட்டைவிரலை முன்பக்கம் போட்டு இறுக்கினாள். இடது கைச் சுட்டுவிரல் நனைந்தேதான் இருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரே ஒரு தடவை பார்த்தான். பயந்து உடனே பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டான். தன் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தான். அதில் என்ன கண்டானோ, புருவம் லேசாக உயர்ந்தது.

"சரிங்களா?" என்று கேட்டாள் பாவாயி. இத்தனை வருடத்தில் எந்தக் கிடாயிடமும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

"ம்."

அவள் விரலை அவன் காதுக்குப் பின்னால், மெத்தென்ற குழியில் வைத்தாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை. கால் தடம்கூட இல்லை. அவள் கையில் கண்ணாடி இல்லை. கட்டைவிரல் இருந்த இடத்தில் ரத்தமோ வலியோ இல்லை, பழைய தோல் வழவழவென்று மூடியிருந்தது. கழுத்தைத் தடவினாள். தாலி இல்லை.

சேற்றில் விழுந்து எழுந்து மேக்காட்டுக்கு ஓடினாள். அவன் இருந்ததே இல்லை என்றால் அவன் சிலிர்த்ததும் இல்லை, அத்தாயி இருப்பாள் என்று ஒரு நப்பாசை. அங்கே எள்ளுத் தட்டைதான் மழையில் அழுகிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவளை முத்தாயம்மாள் தலை துவட்டிவிட்டாள். "மழை வந்தா இப்படியா கூத்தாடறது? கல்யாணமாயிருந்தா இந்நேரம் ரெண்டு புள்ள பெத்திருப்ப. வெரலில்லாத புள்ளைய யாரு கட்டறான்?" அப்போதும் தாயின் முகத்தில் துளிகூடப் பொய் இல்லை.

ஏரி நிரம்பியது. ஆடு பெருகியது. அதற்குப் பிறகு பாவாயி எந்தக் குட்டியின் காதுக்குப் பின்னாலும் விரல் வைக்கவில்லை. அவள் கிடாய்கள் கோயிலில் நின்று காக்க வைக்க ஆரம்பித்தன. பேர் கெட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவள் கவலை வேறு. மூன்று முடிவுகளுக்குப் பிறகும் மிச்சமிருந்தவன், ஒரு சவரக் கண்ணாடியில் முடிந்துபோயிருப்பானா? எங்கேயாவது இருட்டில், மண் உண்டாகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறானா? வேறு ஏதோ ஊரில், மழை குறைந்த சீமை எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறானா? வந்துவிடுவானோ என்று பயந்தாள். வரமாட்டானோ என்றும் பயந்தாள். முதல் மழை பெய்கிற நாளில் வாசற்படியில் உட்கார்ந்து, மலை இருக்கிறதா, பனைமரங்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கோயில் நோம்பிக் கூட்டத்தில் ஆண்பிள்ளைகளின் பிடரிகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை வைத்து ஊரில் கேலி பேசினார்கள்.

எண்பத்தேழாம் வருடம் ஆடி நோம்பியில் அவளுடைய செவலைக் கிடாய் ஒன்று சொம்பு சொம்பாக ஊற்றியும் அசையவில்லை. உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

"ஏம் பாவாயி, முன்ன உன்ற கெடாய்க தண்ணியக் கண்டாலே சிலுப்புமே. இப்ப என்னத்தப் போட்டு வளக்கற?" என்று பூசாரி சடையன் சலித்துக்கொண்டார். கிடாய் வாங்கிய வேண்டுதல்காரர்கள் முணுமுணுத்தார்கள். இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். கிடாய் தன் காலடி மண்ணைப் பார்த்தபடி, பல்லைக் கடித்த மாதிரி நின்றது.

பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மாலையைக் கழற்றினாள். முந்தானையால் அதன் பிடரியை அழுத்தித் துடைத்து, "ஆச்சுங்க" என்றாள்.

"கெடாய்க்கு மருவாதையப் பாரு! கட்டுன புருசனுக்குக்கூட ஒருத்தி இப்படிச் சொல்ல மாட்டா" என்று காளியாத்தாள் சிரித்தாள். கூட்டமே சிரித்தது.

கிழக்கே மலை மேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. பாவாயி நாலு விரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, கிடாயை ஓட்டிக்கொண்டு, மழை அதன் தலையில் விழுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.